சுவாசச் செம்மலின் மூச்சுமானி

"உங்களுக்கு மூச்சு விடத் தெரியுமா?"

ஊரெங்கும் ஒட்டியிருந்த சுவரொட்டி இப்படித்தான் கேட்டது. பிறந்த நொடியிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று யாராவது திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. "அடடா, இத்தனை வருஷமா தப்பா விட்டுட்டோமே!" என்று பதறிப்போய்ப் பழைய தியேட்டர் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

படம் ஓடாமல் மூடிப்போன தியேட்டர் அது. இப்போது அரங்கு நிறைந்தது. டிக்கெட் கொடுத்த சன்னலில் பதிவுச் சீட்டு கொடுத்தார்கள். திரை இருந்த இடத்தில் வெள்ளைத் துணி. அதன் முன்னால் ஒரு மேடை. மேடையில் சுவாசச் செம்மல்.

பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அச்சகத்துக்குச் சுவரொட்டி எழுதிக் கொடுத்தவர் அவரே.

மேலே டாக்டர் போடும் வெள்ளைக் கோட்டு. கீழே தரையைத் தொடும் துறவியின் அங்கி. ஒரு பக்கம் விசாரணை வந்தால் இன்னொரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம். இதற்கு முன் வீடு வீடாகப் போய்த் தூசி இழுக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். இழுப்பு நோய்க்கும் அவருக்கும் இருந்த பழைய உறவு அவ்வளவுதான்.

அவர் கண்டுபிடித்த உண்மை இது: ஆஸ்துமா என்பது நோயே இல்லை. உங்கள் வளர்ச்சியைப் பார்த்து யாரோ ஒருவர் வயிறெரிந்து பெருமூச்சு விட்டிருக்கிறார். அந்தப் பெருமூச்சு உங்கள் மார்புக்குள் புகுந்து குடியிருக்கிறது. வாடகையும் தராது, காலியும் செய்யாது. ஏழு நாள் பயிற்சியில் அதைத் துரத்திவிடலாம். ஒரே நிபந்தனை, இன்ஹேலரைத் தொடக்கூடாது. அந்த மருந்து, குடியிருக்கிற பெருமூச்சுக்குச் சோறு போடுகிறதாம்!

படித்தவர்கள் கைதட்டினார்கள். படிக்காதவர்கள் யோசித்தார்கள். பிறகு படித்தவர்களே தட்டுகிறார்களே என்று அவர்களும் தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தின் நான்காவது வரிசையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் பஸ் ஓட்டுகிறவர். மனைவி ரொட்டி அடுமனையில் மாவு பிசைகிறவர். பன்னிரண்டு வருடமாக அந்த அம்மாளுக்கு ஆஸ்துமா. இரண்டு இன்ஹேலர்கள், தினமும் காலையும் மாலையும் இழுக்க வேண்டியது ஒன்று, திடீரென்று மூச்சு முட்டினால் இழுக்க நீல நிறத்தில் இன்னொன்று. ஒழுங்காக இழுத்துக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் அம்மாள் ஒருவர் உண்டு. அவரும் பயிற்சி கற்றுக்கொடுத்திருந்தார். வாயை மூடி, மூக்கால், மெதுவாக, வயிறு அசைய. "இது மருந்துக்குத் துணை, மருந்துக்குப் பதில் இல்லை. பதட்டம் குறையும், நாள் கொஞ்சம் லேசாப் போகும். இன்ஹேலரை மட்டும் விட்டுடாதீங்க" என்று நூறு தடவை சொல்லியும் இருந்தார். ஆனால் அந்த அம்மாளுக்கு மேடையும் இல்லை, அங்கியும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம், காசு வாங்காத வகுப்பு. அதை யார் நம்புவார்கள்?

டிரைவர் கேட்டார்: "பன்னிரண்டு வருஷமா இழுக்கிறே. குணமாச்சா?"

"குணமாகலை. ஆனா வேலைக்குப் போறேன்ல?"

"குணமாக்குறவர் வந்திருக்கார். வா."

வந்தார்கள்.

மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. உள்ளே ஒரு சிவப்புப் பந்து. அடியில் ஒரு பெட்டி. பெட்டியை மறைத்துத் தரை வரை தொங்கும் ஊதா வெல்வெட் துணி. பெட்டியிலிருந்து நீளும் ரப்பர்க் குழாயில் வாய் வைத்து ஊத வேண்டும். பந்து ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மூச்சு உங்களுடையது. மிச்சம் அந்தப் பெருமூச்சுக்காரர் பிடித்து வைத்திருப்பது. இதற்குப் பெயர் மூச்சுமானி.

மனைவி ஊதினார். பந்து முழங்கால் உயரம் வரை வந்து, வெட்கப்பட்டதுபோல் இறங்கிவிட்டது.

செம்மல் கண்ணை மூடினார். "தாயே, உங்கள் இல்லத்தில் அண்மையில் ஏதேனும் புதிய பொருள் வாங்கினீர்களா?"

எந்த வீட்டில்தான் வாங்கவில்லை? டிரைவருக்குப் புல்லரித்துவிட்டது. "வாஷிங் மெஷின் வாங்கினோங்கய்யா!"

"அதைப் பார்த்து ஒருவர் பெருமூச்சு விட்டார். உங்களுக்கு நெருங்கியவர். பெயர் நான் சொல்லமாட்டேன். குடும்பத்தில் கலகம் மூட்டுவது என் வேலை அல்ல."

மூட்டிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே டிரைவர் ஆளைப் பிடித்துவிட்டார். அவருடைய தம்பி மனைவிதான். மெஷின் வந்த அன்று வாசலில் நின்று அவள் விட்ட பெருமூச்சு அவர் காதில் இன்னும் இருக்கிறதாம். லிப்ட் பழுதாகி, பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்தவள், பின்னே பாட்டா பாடுவாள்? அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மேடை ஓரத்தில் ஒரு மரப்பெட்டி. மேலே "விடுதலைப் பெட்டி" என்று எழுதியிருந்தது. ஒவ்வொருவராக வந்து தங்கள் இன்ஹேலரை அதில் போட்டார்கள். போட்ட ஒவ்வொருவருக்கும் கைதட்டல். மனைவி கொஞ்சம் தயங்கினார். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவர் முழங்கையால் இடித்தார். இரண்டையும் போட்டார்.

ஏழு நாள் பயிற்சி நடந்தது. கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாக விட்டு. ஆஸ்பத்திரி அம்மாள் சொல்லித்தந்த அதே பயிற்சிதான். கூடவே கொஞ்சம் புகையும் ஒரு மணிச் சத்தமும். நான் உண்மையை மறைக்கப்போவதில்லை. அமைதியாக உட்கார்ந்து மூச்சு விட்டால் யாருக்கும் மனம் கொஞ்சம் இளகும். மனைவிக்கும் இளகியது. பழைய மருந்தின் பலமும் சில நாள் உடம்பில் நின்றது. இரண்டுக்கும் சேர்த்துப் புகழை வாங்கிக்கொண்டவர் செம்மல்.

ஏழாம் நாள் அரங்கேற்றம். குணமானவர்களின் உறவுக்காரர்களுக்கும் அழைப்பு. மனைவியின் தங்கை வந்திருந்தாள்.

தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவள். சைக்கிளிலிருந்து லாரி வரைக்கும் காற்று இறங்கிய எதுவும் அவளிடம்தான் வரும். இரும்புக் கம்பியால் டயரைக் கழற்றுகிற கை; எங்கே காற்று போகிறது என்று கேட்டே சொல்லுகிற காது.

முதலில் புதிதாக வந்தவர்கள் நாலு பேர் ஊதினார்கள். பந்து முழங்காலைத் தாண்டவில்லை. பிறகு குணமானவர்கள். சர்ரென்று உச்சிக்கு ஏறியது! அரங்கு அதிர்ந்தது. அக்கா ஊதினாள். அவளுக்கும் உச்சி. டிரைவர் எழுந்து நின்று அழுதார்.

தங்கை அழவில்லை. புதியவர்கள் ஊதும்போது பெட்டிப் பக்கமிருந்து லேசாக "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. குணமானவர்கள் ஊதும்போது அது வரவில்லை. ஒலிபெருக்கி இரைச்சலில் சரியாகக் கேட்டோமா என்று அவளுக்கே சந்தேகம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, பந்து ஏறினது இருக்கட்டும். நீல மருந்து ஒண்ணாவது கைப்பையில வச்சுக்க."

"வச்சிருந்தா நம்பிக்கை இல்லேன்னு அர்த்தமாம்டி."

"உன் வீட்டுக்காரர் பஸ் பிரேக்கை நம்புறார்ல? அப்புறம் ஏன் கைப்பிரேக்கும் வச்சிருக்கார்?"

டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டியூப்ல காத்தடிக்கிறவ நீ. மனுஷ மூச்சைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான் மாமா" என்றாள் தங்கை. அப்படி அவள் சொன்னால் ஒத்துக்கொண்டாள் என்று பொருளில்லை.

பதினோரு நாள் கழிந்தது. காலை பத்து மணிக்கு அடுமனையில் புது மாவு மூட்டை ஒன்றை யாரோ வேகமாகக் கவிழ்த்தார்கள். வெள்ளைப் புகைபோல் எழுந்தது மாவு. அக்கா இருமினாள். இரண்டு நாளாகவே இருமல்தான். பெருமூச்சு காலி செய்துகொண்டு போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று செம்மல் சொல்லியிருந்தார். இந்த முறை இருமல் நிற்கவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. செம்மல் சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மூடி மெதுவாக இழுக்கப் பார்த்தாள். இழுக்கக் காற்றுக்கு வழி இருந்தால்தானே!

அடுப்பருகே நின்ற ரொட்டிக்காரர் ஓடிவந்தார். "உங்க நீல மருந்து எங்கேம்மா?"

"பெ... ட்டி..."

"எந்தப் பெட்டி?"

அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ரொட்டி ஏற்றப்போகும் வேனில் அவளைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ரொட்டிக்காரரே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்தைப் புகையாக்கிக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். டிரைவர் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கட்டிலில் உட்கார முடிந்தபோது, பயிற்சி அம்மாள் வந்தார். கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழலைக் கொடுத்து ஊதச் சொன்னார். உள்ளே ஒரு முள், பக்கத்தில் எண்கள். அக்கா ஊதினாள்.

"முன்னெல்லாம் நீங்க ஊதினதுல இது பாதிகூட இல்லையேம்மா."

பக்கத்தில் நின்ற தங்கை நிமிர்ந்தாள். "இதுக்குத் துணி மூடலையா?"

"எதுக்கும்மா துணி?" என்றார் அந்த அம்மாள் புரியாமல்.

அதே நேரம் டிரைவர் வராந்தாவில் நின்று செம்மலுக்குப் போன் போட்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைக்காதீர்கள். விளக்கம் கேட்டார். விளக்கம் வந்தது.

"அவர் இன்ஹேலரைக் கையால் துறந்தார், மனதால் துறக்கவில்லை. சந்தேகம் உள்ளே இருந்தால் பெருமூச்சு திரும்பி வரும். இந்த முறை பதினான்கு நாள் பயிற்சி."

டிரைவர் உள்ளே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "பதினாலு நாளாம்" என்றார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை. "என்னங்க, நான் செத்திருந்தாலும் என் மேலதான் தப்புன்னு சொல்லியிருப்பாரா?"

டிரைவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனார். அதில் ஏற்கெனவே வெந்நீர் இருந்தது.

"அக்கா" என்றாள் தங்கை, "எப்ப உன்னை வீட்டுக்கு விடுவாங்க? பதினாலு நாள் பயிற்சிக்கு நானும் வர்றேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தியேட்டரில் இடமே இல்லை. அக்காவை மேடைக்கு அழைத்தார் செம்மல். சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் காட்ட அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தானாகவே கிடைத்தால் விடுவாரா? அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தங்கையும் ஏறினாள். தோளில் ஒரு பை. பையிலிருந்து அவள் எடுத்து வைத்தது, கடையில் வைத்திருக்கும் கால் பம்பு.

"என்ன இது?" என்றார் செம்மல்.

"காத்தடிக்கிற பம்புங்க. இதுக்கு ஆஸ்துமா இல்லை. இது வளர்றதைப் பார்த்து யாரும் வயிறெரிஞ்சதும் இல்லை. லாரி டயரே நிரப்பும். உங்க மூச்சுமானியில இது எவ்வளவு காட்டுதுன்னு பார்ப்போமா?"

கூட்டத்தில் சிரிப்பு. செம்மலும் சிரித்தார். சிரிக்காமல் மறுத்தால் பயந்ததுபோல் ஆகிவிடுமே. அவர் யோசிப்பதற்குள் தங்கை ரப்பர்க் குழாயைப் பம்பில் மாட்டி, காலை வைத்து ஓங்கி மிதித்தாள்.

பந்து முழங்கால் வரை வந்தது. இன்னும் ஓங்கி மிதித்தாள். அங்கேயே குதித்தது. லாரி டயரை நிரப்புகிற பம்புக்கும் முழங்கால்தான்!

"பாவம், இந்தப் பம்புக்கும் யாரோ பெருமூச்சு விட்டுட்டாங்க போல" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அன்று அந்தத் தியேட்டரில் முதன்முதலாக யோசித்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

செம்மல் கையை உயர்த்தினார். "அன்பர்களே, இயந்திரக் காற்றுக்கு உயிர் இல்லை. மூச்சுமானி அளப்பது உயிர்மூச்சை."

"சரிங்க. உயிர் இல்லாத காத்துதான். ஆனா எங்கே போச்சு? நான் இவ்வளவு அடிச்சேனே, அது எங்கேயாவது போயிருக்கணுமில்ல?"

உலகத்தின் எல்லா ரகசியத்துக்கும் பதில் வைத்திருந்தவர், காற்று எங்கே போனது என்ற கேள்விக்கு விழித்தார்.

தங்கை பெட்டியை மறைத்திருந்த வெல்வெட் துணியை உருவி ஓரமாகப் போட்டாள். பையிலிருந்து ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீர். பஞ்சை நனைத்துப் பெட்டியைச் சுற்றிலும் தடவினாள். "அக்கா, பம்பை மெதுவா மிதி."

அக்கா மிதித்தாள். பெட்டியின் பின்பக்கம், கீழ் மூலையில், பொரபொரவென்று நுரை கிளம்பியது. திராட்சைக்கொத்துபோல் குமிழிகள். முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப்பார்த்தார்கள். விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு மேலே ஒரு ரப்பர் மூடி. மூடியிலிருந்து ஒரு கம்பி. கம்பி போய்ச் சேர்ந்த இடத்தில், செம்மல் வழக்கமாக நிற்கும் இடத்தில், கால் கட்டைவிரலால் அமுக்குகிற மாதிரி ஒரு மிதிகட்டை.

அமுக்கினால் ஓட்டை அடைபடும், பந்து ஏறும். விட்டால் காற்று கசியும், பந்து படுத்துக்கொள்ளும். இதுதான் ஏழு நாள் மகிமை. தரையைத் தொடும் அங்கி எதற்கு என்று இப்போது புரிகிறதா?

"பஞ்சர்ங்க" என்றாள் தங்கை கூட்டத்தைப் பார்த்து. "உங்க நெஞ்சுல இல்லை. இதுல." பிறகு பெட்டியின் பின்னால் குனிந்து கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டாள். "அக்கா, இப்ப நீ ஊது. மெதுவா ஊதினா போதும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றே நாளான அக்கா, குழாயை வாங்கி, தேநீரை ஆற்றுகிறவள்போல் ஊதினாள். பந்து விறுவிறுவென்று ஏறி உச்சியில் போய் "டொக்" என்று முட்டியது.

நானூறு பேர் இருந்த இடத்தில் அந்த "டொக்" பால்கனி வரை கேட்டது.

செம்மல் பின்வாசலைப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே ரொட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார், மாவு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு. முன்வாசலுக்கு ஓடினார். அங்கே டிரைவர். ஆமாம், அதே டிரைவர். செம்மலின் கோட்டைப் பிடித்து அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என் தம்பி பொண்டாட்டிகிட்ட நான் என்னய்யா சொல்றது?"

"இது உங்கள் நம்பிக்கைக்கு வந்த சோதனை..." என்று ஆரம்பித்தார் செம்மல். கோட்டு கையோடு வந்துவிட்டது. போலீஸ் வரும்வரை அங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் அவரை அடிக்கப் பாயவில்லை. விடுதலைப் பெட்டியின் மேல்தான் பாய்ந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான இன்ஹேலர்கள், பாதிக்கு மேல் ஒரே நீலம். "என்னுது எது? என்னுது எது?" என்று ஆளாளுக்குக் கிளறினார்கள். கைதட்டு வாங்கிக்கொண்டு போட்டவர்கள், கைதட்ட ஆளில்லாமல் பொறுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று தங்கை போன் போட்டு அழைத்த பயிற்சி அம்மாள் வந்து சொன்ன பிறகுதான் அடங்கினார்கள்.

அன்று மாலையே டிரைவர் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கேயும் லிப்ட் பழுதுதான். நான்கு மாடி ஏறி வாசலில் நின்று, பேச வாயெடுத்தவர், பெரிய பெருமூச்சு ஒன்றை விட்டார். தம்பி மனைவி கதவைத் திறந்து, "எதைப் பார்த்து மாமா இப்படி வயிறெரியுறீங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அப்புறம் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அது அவள் பெருந்தன்மை.

அக்கா இப்போது காலையும் மாலையும் மருந்து இழுக்கிறாள். நீல இன்ஹேலர் ஒன்று கைப்பையில், ஒன்று அடுமனையில். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி அம்மாளின் வகுப்புக்கும் போய் மெதுவாக மூச்சு விடுகிறாள். மருந்தோடு சேர்ந்து அதுவும் உதவுகிறது என்கிறாள். ஏமாற்றுக்காரன் கையில் சிக்கியதற்காக நல்ல பயிற்சி என்ன பாவம் செய்தது?

அந்த வகுப்பில் எத்தனை பேர் தெரியுமா? எட்டுப் பேர். தியேட்டரிலோ இந்த வாரம் இன்னொருவர் வந்திருக்கிறார். கால் நகத்தைப் பார்த்து எதிர்காலம் சொல்கிறாராம். பால்கனியும் நிரம்பிவிட்டதாம்.

போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் நெஞ்சுக்குள் காற்றோட்டம் கேட்டு அலைகிறவர்களே, தலைக்குள்ளும் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டாமா? அந்தச் சன்னலைத் திறந்துவிட எந்தச் செம்மலும் வரமாட்டார். அதைச் சாத்தி வைப்பதுதான் அவர் பிழைப்பு. திறக்க வேண்டியவர் நீங்கள்.